எஃப்எல்எக்ஸ்4-க்கு ஃபிளைட் கேஸ் (பயணக் காப்புப் பெட்டி): குறைந்த செலவில் எது உருப்படியாகக் காப்பாற்றும்?

நெல்லை_பீட்:

வணக்கம். என்னிடம் பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 இருக்கிறது, லேப்டாப்போடு இணைத்துப் பாட்டு போடும் டிஜே கன்ட்ரோலர். கல்யாண ரிசப்ஷன், காலேஜ் கல்ச்சுரல்ஸ், கோயில் கொடை முடிந்த மறுநாள் பசங்க வைக்கும் நிகழ்ச்சி என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் போனால் பெரும்பாலும் பஸ். உள்ளூர் என்றால் சவுண்ட் சர்வீஸ் அண்ணன்களின் குட்டி யானையில் ஸ்பீக்கரோடு சேர்த்து ஏற்றிவிடுவார்கள். இதுவரை கன்ட்ரோலர் வந்த அட்டைப்பெட்டியிலேயே கொண்டுபோகிறேன். அது ஓரம் கிழிந்து இளகிவிட்டது.

கையில் இருப்பது 4,000 ரூபாய். மூன்று வழி தெரிகிறது. ஆன்லைனில் கிடைக்கும், ஈவா எனும் ரப்பர் போன்ற கெட்டி ஃபோமில் அச்செடுத்த பை ஒன்று. அலுமினிய ஓரம் வைத்து, உள்ளே கட்டம் கட்டமாகப் பிய்த்தெடுக்கும் ஃபோம் உள்ள பொதுப்பெட்டி இன்னொன்று. இல்லாவிட்டால் இங்கேயே பிளைவுட்டில் செய்யச் சொல்வது. எதற்குப் போகலாம்?

கோவை_ஒலி:

தம்பி, பெட்டியைப் பார்க்கும் முன் வண்டியைப் பாருங்கள். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகும் பொருளுக்கும், நாற்பது கிலோ ஸ்பீக்கர் பக்கத்தில் உருளும் பொருளுக்கும் ஒரே பெட்டி சரிப்படாது. எங்கள் குடோனில் லோடு ஏற்றுகிற பையன்களுக்கு உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. கையில் எடுத்ததும் கனமாக இருந்தால் கீழே போடுவார்கள், லேசாக இருந்தால் மேலே தூக்கிப் போடுவார்கள். மேலே போட்டதன் மேல் இன்னொன்றும் ஏறும்.

ஈவா அச்சுப் பை இடிப்பையும் கீறலையும் தாங்கும், நசுக்கலைத் தாங்காது. ஸ்பீக்கர் ஸ்டாண்ட் ஒன்று சாய்ந்து விழுந்தால் மூடி உள்ளே அமுங்கி நேராகக் குமிழ்கள் மேல் உட்காரும். மாசத்தில் ஒரு தடவையாவது குட்டி யானையில் ஏறும் என்றால் பிளைவுட்தான் என்பது என் கருத்து.

பொதுப்பெட்டி வேண்டவே வேண்டாம். அதன் சுவர் மெல்லிய எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, மேலே தகடு போன்ற ஒரு படலம். ஓரத்தில் இருக்கும் அலுமினியம் பார்க்கத்தான் முரட்டு ஃபிளைட் கேஸ் போலிருக்கும். கீலைப் பிடித்திருக்கும் ரிவெட் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

சாலிடர்:

நான் சர்வீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். கன்ட்ரோலர்கள் எதனால் பழுதாகி வருகின்றன என்று சொன்னால் பெட்டி வாங்கும்போது கண் எங்கே போக வேண்டும் என்பது புரியும்.

கீழே விழுந்து உடம்பு உடைந்து வருவது குறைவு. அதிகம் வருவது மூன்று. முதலாவது, டெம்போ ஸ்லைடரின் (பாட்டின் வேகத்தை மாற்றும் தள்ளுகுமிழ்) தண்டு வளைந்தோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருக்கும். இரண்டாவது, இக்யூ குமிழின் (தடித்த ஒலி, கூரிய ஒலியைக் கூட்டிக் குறைப்பது) கீழே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற உறுப்பில் சாலிடர் விரிசல் விட்டிருக்கும். குமிழைத் திருகும்போது பேஸ் ஒலி வந்து வந்து போகும். மூன்றாவது, யூஎஸ்பி சாக்கெட் போர்டிலிருந்து பெயர்ந்திருக்கும். முதல் இரண்டும் மூடி அழுத்தியதால் வருபவை. மூன்றாவது, கேபிளைக் கழற்றாமலே பெட்டியை மூடியதால் வருவது.

மூடி அழுத்துகிறது என்றால் யாரும் உட்கார்ந்து அழுத்த வேண்டியதில்லை. மூடியில் ஒட்டிய ஃபோம் குமிழ்களைத் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும். பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி வைப்பார்கள், தலைகீழாகவும் வைப்பார்கள். அப்போது கன்ட்ரோலரின் மொத்த எடையும் அந்தக் குமிழ்கள் மேல்தான் நிற்கும். வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எடை அடித்து அடித்து சாலிடரைத் தளர்த்தும். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. நியூஸ்பேப்பரை இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழித்து குமிழ் வரிசை மேல் ஒன்று, டெம்போ ஸ்லைடர் மேல் ஒன்று, ஜாக் வீல் எனும் வட்டத்தட்டு மேல் ஒன்று என்று வையுங்கள். முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். மூடியைப் பூட்டிவிட்டு ஒவ்வொன்றாக இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. இறுகினாலோ கிழிந்தாலோ அந்த இடத்தில் ஃபோமை வெட்டி எடுங்கள். பிறகு பெட்டியைக் கவிழ்த்து வைத்து மறுபடி இழுத்துப் பாருங்கள். கவிழ்த்த நிலையில் தேறுவதுதான் உண்மையான தேர்ச்சி.

நெல்லை_பீட்:

சாலிடர் அண்ணா, மூடி குமிழ்களைத் தொடக்கூடாது என்றால் கவிழ்க்கும்போது கன்ட்ரோலர் உள்ளே விழாதா? அதை எதுதான் பிடித்து நிறுத்தும்?

சாலிடர்:

உடம்பின் தட்டையான இடங்கள். எஃப்எல்எக்ஸ்4-ல் நான்கு ஓரங்களிலும் எந்தக் குமிழும் இல்லாத ஒரு சின்னக் கரை இருக்கிறது. மூடியின் ஃபோம் அந்தக் கரையில் மட்டும் உட்கார வேண்டும், நடுவில் குழியாக இருக்க வேண்டும். நல்ல அச்சுப் பைகள் அப்படித்தான் வடிவமைத்திருப்பார்கள். உள்ளூரில் செய்யும்போது ஓரப் பட்டைகளாக ஒட்டச் சொல்லுங்கள்.

ஓசூர்_பேக்கிங்:

நான் வேலை பார்ப்பது பேக்கேஜிங் யூனிட்டில். ஃபோம் பற்றிப் பலரும் எதிர்மாறாக நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு, அதைச் சொல்கிறேன்.

கெட்டியான ஃபோம் போட்டால் பாதுகாப்பு அதிகம் என்று நினைக்கிறார்கள். ஃபோம் காப்பாற்றுவது அமுங்குவதால்தான். அமுங்கும் நேரத்தில் பொருளின் வேகம் மெல்லக் குறைகிறது. எஃப்எல்எக்ஸ்4-ன் எடை 2.1 கிலோ, அடிப்பரப்பு கிட்டத்தட்ட 48 செ.மீ.க்கு 27 செ.மீ. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1.6 கிராம்தான் வருகிறது. அதன் கீழே முழுக்கக் கெட்டி ஈவா விரித்தால் அந்த லேசான எடைக்கு அது அமுங்கவே அமுங்காது. பலகை மேல் வைத்ததும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்று. விழுந்த அடி நேரே போர்டுக்குப் போகும்.

அதனால் கீழே முழுப் பரப்பும் விரிக்க வேண்டாம். ரப்பர் கால்கள் இருக்கும் நான்கு இடங்களில் 5-க்கு 5 செ.மீ. கட்டைகளாக வையுங்கள். இப்போது அதே எடை 100 சதுர செ.மீ. மேல் நிற்கிறது, அதாவது சதுர செ.மீ.க்கு 21 கிராம். டிவி பெட்டியில் வரும் வளையக்கூடிய வெள்ளை ஃபோம் இருக்கிறதே, தெர்மாகோல் இல்லை, பாலிஎத்திலீன், அது இந்த அளவுச் சுமைக்கு மேல்தான் ஃபோமாக வேலை செய்யத் தொடங்கும். கெட்டி ஈவாவைப் பக்கச்சுவர்களில் வையுங்கள். அங்கே அதன் வேலை பொருளை நகரவிடாமல் பிடிப்பது.

அப்புறம் தடிமன். இடுப்பு உயரத்துக்கும் சற்றுக் குறைவாக, 75 செ.மீ. உயரத்திலிருந்து பெட்டி விழுகிறது என்று வையுங்கள். 1 செ.மீ. ஃபோம் பாதி அமுங்கினால் நிற்க அரை சென்டிமீட்டர்தான் இடம், 75-ஐ 0.5-ஆல் வகுத்தால் 150. புவியீர்ப்பைப் போல் 150 மடங்கு அடி. 3 செ.மீ. ஃபோம் என்றால் நிற்க ஒன்றரை சென்டிமீட்டர், அடி 50 மடங்கு. மிக எளிமையாக்கிய கணக்குதான், நிஜத்தில் இதைவிட மோசமாகவும் இருக்கலாம். ஆனால் ஃபோம் வாங்கும்போது எங்கே கஞ்சத்தனம் பண்ணக்கூடாது என்பதற்கு இது போதும்.

சோபாவில் போடும் சாதா பஞ்சை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது பாலியூரித்தேன். அதில் ஒரு ரகம் ஈரக்காற்றில் சில வருஷங்களில் பிசுபிசுத்துத் தூளாகும். அந்தத் தூள் ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) பிளவுக்குள்தான் போய்ச் சேரும். கடற்கரை ஊர்களுக்குப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

தனிநாதம்:

எல்லாரும் மரப்பெட்டிக்கே போய்விட்டீர்கள். மாற்றாக ஒன்று சொல்கிறேன். நான் தனியாக வாசிப்பவள். லாஞ்ச்பேட் (தட்டி வாசிக்கும் பொத்தான் பலகை) ஒன்று, லேப்டாப்போடு இணைக்கும் சின்ன மிடி கீபோர்டு ஒன்று, லேப்டாப். எனக்கு லோடு மேன் கிடையாது. கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோவில் படி ஏறுவது நான்தான். தூக்க முடியாத பெட்டியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்த நொடியிலிருந்து அதற்கு ஆபத்துதான். தோளிலிருந்து இறங்காத பொருளை யாரும் தூக்கிப் போட முடியாது.

மிடி கீபோர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: சாவிகளின் மேல் சின்ன அழுத்தம் நாள் முழுக்க இருந்தாலும் கீழே இருக்கும் ரப்பர் தொடுவான்கள் தளர்ந்துவிடும். அதற்கும் சாலிடர் சொன்ன ஓரப் பட்டை முறைதான். சுருதியை வளைக்கும் பிட்ச் வீல், ஜாய்ஸ்டிக் உள்ள மாடல் என்றால் அதற்கு நேரே மூடியில் ஒரு குழி கட்டாயம்.

நெல்லை_பீட், பஸ்தான் அதிகம் என்றால் உங்கள் மாடலுக்கென்றே அச்செடுத்த ஈவா பையை வாங்கி முதுகுப் பைக்குள் போடுங்கள். குட்டி யானையில் போகும் நாளிலும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளலாமே.

கோவை_ஒலி:

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சி முடிந்து ராத்திரி ஒரு மணிக்கு மண்டபத்துக்காரர் விளக்கை அணைக்க நிற்கும்போது யார் எதை எங்கே ஏற்றினார்கள் என்று பார்க்க முடிவதில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் மரப்பெட்டி என்கிறேன்.

எடை விஷயத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எஃப்எல்எக்ஸ்4-க்கு வெளி அளவு 54 x 34 x 14 செ.மீ. என்று வைத்தால் ஆறு பக்கமும் சேர்ந்து சுமார் 0.6 சதுர மீட்டர் பலகை. 9 மி.மீ. பிளைவுட் என்றால் மூன்று கிலோவுக்கு மேல். 6 மி.மீ. என்றால் இரண்டு கிலோவும் கொஞ்சமும். ஓரம், மூலை, பூட்டு, பிடி எல்லாம் ஒன்றரை கிலோ. ஆக 6 மி.மீ.யில் கன்ட்ரோலரோடு ஆறு கிலோவை ஒட்டி நிற்கும். கையில் தூக்கலாம், ஆனால் முதுகில் போட்டு அலைகிற சமாச்சாரம் இல்லை. 2 கிலோ பொருளுக்கு 9 மி.மீ. பலகை அநாவசியம். அது மிக்ஸர், பெரிய கன்ட்ரோலர்களுக்கு.

நெல்லை_பீட்:

இங்கே கேட்டரிங் பெட்டி, மைக் பெட்டி எல்லாம் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. டிஜே பெட்டி செய்ததில்லையாம், அளவு கொடுத்தால் செய்கிறேன் என்கிறார். என்னவெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும்? இன்னொன்று, டிடிஜே-400 என்ற முந்தைய மாடலுக்குச் செய்த பழைய பெட்டி ஒருவரிடம் விலைக்கு இருக்கிறது. அது எனக்குப் பொருந்துமா?

பெட்டிப்பட்டறை_மதுரை:

இரண்டாவது கேள்விக்கு முதலில். 2018-ல் வந்த 400-ம் உங்கள் எஃப்எல்எக்ஸ்4-ம் அகலத்திலும் ஆழத்திலும் ஒன்று என்றே சொல்லலாம், உயரத்தில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உடம்பு உட்கார்ந்துவிடும். பின்பக்கம்தான் பார்க்க வேண்டும். 400-ல் சதுரமான பழைய யூஎஸ்பி-பி, உங்களுடையதில் யூஎஸ்பி-சி. கேபிள் போகும் துளை நேராக வருகிறதா என்று கன்ட்ரோலரைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். சாலிடரின் பேப்பர் சோதனையையும் அங்கேயே செய்யுங்கள். தேறினால் பேரம் பேசி வாங்கிவிடுங்கள், புதிதாகச் செய்வதைவிட லாபம்.

புதிதாகச் செய்வதென்றால் நெட்டில் பார்த்த அளவைக் கொடுக்காதீர்கள், பொருளைக் கொடுங்கள். உயரம் அளக்கும்போது உடம்பின் உயரத்தை அளந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தரையில் வைத்து, ரப்பர் கால் முதல் மிக உயரமான குமிழின் தலை வரை அளக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்தது ஒரு விரல் தடிமன் காற்று இடைவெளி.

பட்டறைக்காரரிடம் பேச வேண்டியவை: பலகை 6 மி.மீ., நல்ல பிளை. அறுத்த விளிம்பு தெரியாமல் அலுமினிய ஓரம் மூட வேண்டும். மூடும் முன் விளிம்பில் வார்னிஷோ பெயின்டோ ஒரு கை அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் விளிம்பு வழியாக ஈரம் ஏறிப் பலகை உப்பும். மூடியும் அடியும் சேரும் இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் பள்ளமும் நாக்கும் உள்ள அலுமினியச் சட்டம் வேண்டும். வெறும் பலகை மேல் பலகை உட்கார்ந்தால் தூசி உள்ளே போகும், பக்கவாட்டில் இடித்தால் மூடியும் நகரும். ரிவெட் அடிக்கும்போது உள்பக்கம் வாஷர் கேளுங்கள். அலுமினிய ரிவெட்டை வாஷர் இல்லாமல் மெல்லிய பலகையில் அடித்தால் கோவை அண்ணன் சொன்னது போலத்தான் பெயர்ந்து வரும்.

பூட்டு, பலகைக்குள் பதிந்திருக்கும், திருகிப் பூட்டும் பட்டர்ஃப்ளை வகையாக இருக்கட்டும். வெளியே துருத்தியது அடுத்த பெட்டியில் மாட்டி உடையும். தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு மாதம் ஒரு தடவை கீலிலும் பூட்டிலும் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

கீல் வைத்த மூடியா, கழன்று வரும் மூடியா என்று கேட்பார். கழன்று வருவதே நல்லது. மேடையில் மேஜை சின்னதாக இருக்கும், பின்னால் திறந்து நிற்கும் மூடி கேபிளையும் மறைக்கும். லேப்டாப் வைக்கிற தள்ளு தட்டு வேண்டாம். அதனால் பெட்டி உயரமும் எடையும் கூடும், செலவு இன்னும் ஏறும். தனியாக ஒரு மடக்கு ஸ்டாண்ட் வாங்கிக்கொள்ளலாம்.

ஃபோம் ஒட்ட ஃபெவிகால் எஸ்ஆர் மாதிரி பசைதான் பட்டறையில் இருக்கும். ஒட்டிய பிறகு வாடை போகும் வரை இரண்டு மூன்று நாள் பெட்டி திறந்தே கிடக்கட்டும். உடனே கன்ட்ரோலரை வைத்து மூடினால் அந்த ஆவி பிளாஸ்டிக்கின் மேல்தான் தங்கும். தெர்மாகோல் வைத்து ஒப்பேற்றலாம் என்று சொன்னால் விடாதீர்கள், இந்தப் பசை பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும்.

ஸ்கார்பரோ_தமிழன்:

தம்பி, நான் கனடாவில் இருந்து எழுதுறன். இங்க எங்கட கலியாண மண்டபங்களில நானும் இதே வேலைதான். எங்கட பிரச்சினை குளிர். வாகனத்தில் மைனஸ் இருபதில் கிடந்த கன்ட்ரோலரைச் சூடான மண்டபத்துக்குள்ள கொண்டுவந்து உடனே திறந்தால், குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும், போர்டிலும்தான். பெட்டியை மூடினபடியே ஒரு மணித்தியாலமாவது வைத்துவிட்டுத் திறக்க வேணும். நல்லா மூடுற பெட்டியின் பெரிய பயனே எங்களுக்கு இதுதான். உங்களிடம் ஏசி காரிலிருந்து இறங்கி மழைக்கால ஈரத்தில் திறந்தாலும் இதே கதைதான்.

இன்னொரு விசயம். மலிவுப் பெட்டிகளில் ஏடிஏ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏடிஏ 300 என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கம் விமான உதிரிப்பாகங்கள் அனுப்பும் பெட்டிகளுக்கு வைத்த விதி. அதில் முதல் வகைப் பெட்டி குறைந்தது 100 தடவை போய்வரத் தாங்க வேணும். ஸ்டிக்கரை யாரும் அடித்து ஒட்டலாம். கீலையும் மூலையையும் தடவிப் பார்க்கிறதுதான் கெட்டித்தனம்.

நெல்லை_பீட்:

எல்லாருக்கும் நன்றி. முடிவு இப்படி: 400-ன் பழைய பெட்டியைக் கன்ட்ரோலரோடு போய்ப் பார்க்கிறேன். பேப்பர் சோதனையில் தேறினால் அதுதான், உள்ளே ஃபோமை மட்டும் ஓசூர் அண்ணன் சொன்னபடி மாற்றிவிடுவேன். தேறாவிட்டால் மாடலுக்கென்று செய்த ஈவா பையை வாங்கி, மடியில் வைத்துப் போவேன். பட்டறையில் செய்ய என் பணம் இப்போது காணாது.

தனிநாதம்:

நல்ல முடிவு. பை வாங்கினாலும் கேபிளை அதே பைக்குள் கன்ட்ரோலர் மேல் சுருட்டி வைக்காதீர்கள். ஆர்சிஏ (ஒலிக் கேபிள்) பிளக்கின் தலை குமிழ்களைத்தான் குத்தும்.

டெக்_மாறன்:

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு டிடிஜே-எஃப்எல்எக்ஸ்10. அடுத்து சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டும். 9 மி.மீ. மரப்பெட்டி செய்யலாம் என்று இருக்கிறேன். சரியா?

கோவை_ஒலி:

செய்யும் முன் எடை பாருங்கள். எஃப்எல்எக்ஸ்10-ன் எடை 6.7 கிலோ, அகலம் 71.6 செ.மீ., ஆழம் 40. சுற்றி 3 செ.மீ. ஃபோமும் பலகையும் சேர்த்தால் வெளியே சுமார் 80 x 48 x 17. மூன்றையும் கூட்டினால் 145, அதாவது செக்-இன் பெட்டிக்கு விமான நிறுவனங்கள் வைக்கும் 158 செ.மீ. வரம்புக்குள். அளவில் பிரச்சினை இல்லை. ஆனால் பலகை ஆறரை கிலோ, ஓரமும் பூட்டும் மூன்று கிலோ, கன்ட்ரோலரையும் சேர்த்தால் 16 கிலோவைத் தாண்டும். உள்நாட்டு விமானத்தில் இண்டிகோ போன்றவை சாதாரண டிக்கெட்டுக்குத் தருவது 15 கிலோ. பெட்டி மட்டுமே அதை முழுங்கிவிடும், உங்கள் துணிமணிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கூடுதல் எடையை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கினால் கவுன்டரில் கட்டுவதைவிடக் குறைவாக வரும்.

ஸ்கார்பரோ_தமிழன்:

விமானம்தான் அடிக்கடி என்றால் பெலி ஏர் மாதிரி வார்ப்புப் பிளாஸ்டிக் பெட்டியின் விலையையும் கேட்டுப் பாருங்கோ. தண்ணீர் போகாது, காற்றழுத்தம் சமப்படுத்த வால்வும் இருக்கும். விலை கூட, ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் கூடுதல் எடைக்குக் கட்டும் காசு மிஞ்சும். வருசத்தில் ஒருக்கால் என்றால் மரமே போதும்.

ஓசூர்_பேக்கிங்:

மாறன், 6.7 கிலோ என்பதால் உங்களுக்கு ஃபோம் கணக்கு மாறும். அடியில் நான்கு கட்டைக்குப் பதிலாக ஆறு வையுங்கள், நடுவில் இரண்டு. அகலமான உடம்பு, நடுவில் தாங்கல் இல்லாவிட்டால் விழும்போது வளையும். செக்-இன் பண்ணும் முன் உள்ளே பவர் பேங்க் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது கைப்பையில்தான் போக வேண்டும். ஸ்கேனில் மாட்டினால் பெட்டியைத் திறப்பார்கள், திரும்ப எப்படி வைத்து மூடுவார்கள் என்று சொல்ல முடியாது. மூடியின் உள்பக்கம் சரியாக அடுக்கிய நிலையில் ஒரு போட்டோ எடுத்து ஒட்டிவையுங்கள்.